புயலின் தடமும் சேதத்தின் கணக்கும்

பழந்தமிழில் ‘புயல்’ என்னும் சொல் மேகத்தையும் மழையையும் குறித்தது. திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் அது உழவனின் ஏரை நடத்தும் மழையாகவே வருகின்றது. வாழ்வளிக்கும் பொருளைக் குறித்த அச்சொல் காலப்போக்கில் வீட்டையும் படகையும் வாரிச் செல்லும் பெருங்காற்றுக்குப் பெயராயிற்று. அட்லாண்டிக் பெருங்கடலின் மேற்குக் கரையில் இதே பெருங்காற்றுக்கு ‘ஹரிக்கேன்’ என்று பெயர். கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் சொல் ஸ்பானியர் வாய்வழி ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்று இவ்வடிவம் பெற்றது. வங்கக் கடலில் தோன்றும் சூறாவளியும் அங்கே தோன்றும் ஹரிக்கேனும் இயல்பால் ஒன்றே, பெயரால்தான் இரண்டு.

புயல் வருவதை முன்னறிந்து சொல்லும் கலை இன்று நன்கு வளர்ந்துவிட்டது. ஆனால் அதற்கு அடுத்த வினா ஒன்று உண்டு. வருகின்ற புயல் எவ்வளவு அழிக்கும்? எத்தனை கூரைகள் போகும்? எவ்வளவு பொருள் இழப்பாகும்? புயல் கடலில் இருக்கும்போதே இவ்வினாக்களுக்கு விடை சொல்ல முயலும் கணிப்பொறி மென்பொருள்கள் அமெரிக்காவில் உருவாகியுள்ளன. அவை எவ்வாறு கணக்கிடுகின்றன, எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை, அக்கணக்கில் எது அடங்குகின்றது, எது அடங்குவதில்லை என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

தடத்தைத் தொடர்தல்

எந்தச் சேதக் கணக்கிற்கும் முதற்படி புயலின் தடம். அட்லாண்டிக் புயல்களைக் கண்காணிக்கும் பொறுப்பு அமெரிக்காவின் தேசியச் சூறாவளி மையத்தைச் சார்ந்தது. அம்மையம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை வெளியிடுகின்றது. புயலின் மையம் எந்த அட்சரேகையில், எந்தத் தீர்க்கரேகையில் உள்ளது. எத்திசையில் எவ்வேகத்தில் நகர்கின்றது. மையத்தின் காற்றழுத்தம் எவ்வளவு. உச்சக் காற்றின் வேகம் எவ்வளவு என்னும் செய்திகள் அதில் இருக்கும். இவற்றோடு, மணிக்கு 63, 93, 119 கிலோமீட்டர் வேகக் காற்றுகள் மையத்திலிருந்து நாற்புறமும் எவ்வளவு தொலைவு பரவியுள்ளன என்பதும் தனித்தனியே தரப்படும். அடுத்து வரும் நாட்களில் மையம் எங்கெங்கே இருக்கக்கூடும் என்ற முன்கணிப்பும் உண்டு.

முன்பெல்லாம் இவ்வெண்களை வானொலியில் கேட்டு, கட்டமிட்ட வரைபடத்தில் பென்சிலால் புள்ளி வைத்து இணைப்பார்கள். தடமறியும் மென்பொருள் அவ்வேலையைத் தானே செய்கின்றது. அறிக்கையைப் பெற்றுப் படமாக்குவதோடு, குறிப்பிட்ட ஓர் ஊருக்குப் பெருங்காற்று எந்நேரம் வந்து சேரும் என்றும் சொல்கின்றது. அமெரிக்க அரசு முகமைகள் 1980களின் இறுதியிலிருந்து பேணிவரும் ‘ஹர்ரிவேக்’ என்னும் மென்பொருள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காற்று வந்து சேர இன்னும் எத்தனை மணி நேரம் உள்ளது என்பதையும், அவ்வூர் மக்களை வெளியேற்ற எத்தனை மணி நேரம் தேவை என்பதையும் அது ஒப்பிட்டுக் காட்டும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் மிஞ்சுவதே அதிகாரிகள் முடிவெடுப்பதற்குள்ள அவகாசம். கழித்தல் கணக்குத்தான், ஆனால் அதில் உயிர்கள் இருக்கின்றன.

முன்கணிப்பைக் காட்டும் படத்தில் தடத்தைச் சுற்றி ஒரு கூம்பு வரையப்படும். அக்கூம்பைப் பலர் புயலின் அளவு என்று தவறாகக் கருதுகின்றனர். முந்தைய ஐந்து ஆண்டுகளின் கணிப்புப் பிழைகளைக் கொண்டு, மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்போடு மையம் இதற்குள் இருக்கும் என்று வரையப்படும் எல்லையே அது. மூன்றில் ஒரு பங்கு வேளைகளில் மையம் அதற்கு வெளியேயும் செல்லலாம். மையம் கூம்புக்குள் இருந்தாலும் காற்றும் மழையும் வெளியே நெடுந்தொலைவு பரவும். 2004 ஆகஸ்ட் 13 அன்று ‘சார்லி’ புயல் டாம்பா நகரை நோக்கிச் செல்வதாகவே பலரும் எண்ணியிருந்தனர். அது வலப்புறம் திரும்பி, தெற்கே உள்ள புன்ட்டா கோர்டாவைத் தாக்கிற்று. அவ்வூரும் கூம்புக்குள்தான் இருந்தது. நடுக்கோட்டை மட்டும் பார்த்தவர்களே ஏமாந்தனர்.

காற்றைக் கணக்கிடுதல்

தடம் ஒரு கோடுதான். சேதமோ பரப்பில் நிகழ்வது. ஆகவே கோட்டைக் காற்றுப் பரப்பாக மாற்றுவது இரண்டாம் படி. புயலின் மையமாகிய கண்ணில் காற்று ஓய்ந்திருக்கும். கண்ணைச் சூழ்ந்த சுவரில் உச்சத்தை எட்டும். அதற்கப்பால் படிப்படியாகக் குறையும். மைய அழுத்தத்தையும், உச்சக் காற்று வீசும் வட்டத்தின் ஆரத்தையும் அறிந்தால் இடைப்பட்ட ஒவ்வோர் இடத்திலும் காற்றின் வேகத்தைச் சமன்பாட்டால் பெறலாம். வடகோளத்தில் புயல் செல்லும் திசைக்கு வலப்புறம் காற்று மிகுதியாக இருக்கும். சுழலும் வேகத்தோடு நகரும் வேகமும் அங்கே சேர்ந்துகொள்வதே காரணம். கரையேறியபின் மரங்களும் கட்டடங்களும் உராய்ந்து காற்றைத் தணிக்கும். இவை யாவற்றையும் மென்பொருள் கணக்கில் கொள்கின்றது.

காற்று வேகம் இருமடங்கானால் சேதமும் இருமடங்காகும் என்று நாம் எண்ணக்கூடும். அது பிழை. சுவரின்மீது காற்று செலுத்தும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கின்றது. 120 கிலோமீட்டர் வேகக் காற்று 240 கிலோமீட்டராக உயர்ந்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். சேதமோ அதனினும் விரைந்து ஏறும். ஒரு கட்டடத்தில் முதலில் ஓடு பறக்கும். பிறகு சாளரம் உடையும். சாளரம் உடைந்ததும் உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தூக்கும். கூரை போனால் மழைநீர் உள்ளேயுள்ள அனைத்தையும் கெடுக்கும். ஒரு குறை அடுத்த குறையை அழைத்து வருகின்றது. சூறாவளிகளை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கும் சாஃபிர்-சிம்ப்சன் அளவுகோலில் ஒரு வகுப்பு ஏறினால் பொருட்சேதம் ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பது பொதுவான மதிப்பீடு.

அந்த அளவுகோல் பிறந்த வரலாறும் கருதத்தக்கது. ஹெர்பர்ட் சாஃபிர் ஒரு கட்டடப் பொறியாளர். சூறாவளி தாக்கும் நாடுகளில் குறைந்த செலவில் கட்டப்படும் வீடுகளைப் பற்றி ஐக்கிய நாடுகள் அவைக்காக ஆராயும்போதே, 1969 அளவில், அவர் இவ்வகைப்பாட்டை வகுத்தார். அப்போது சூறாவளி மையத்தின் இயக்குநராக இருந்த ராபர்ட் சிம்ப்சன் அதனை விரிவுபடுத்தினார். காற்றை அளக்கும் கோல் என இன்று உலகம் அறிந்திருப்பது, எளியோர் வீட்டின் நலம் கருதிய ஆய்வில் தோன்றியது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

தரையில் உள்ளவற்றின் பட்டியல்

காற்று எவ்வளவு வலிதாயினும் ஆளில்லாத மணல்மேட்டில் வீசினால் சேதக் கணக்கு இல்லை. எனவே மூன்றாம் படி, காற்றின் வழியில் என்னென்ன நிற்கின்றன என்ற பட்டியல். வீடுகள் எத்தனை, கடைகள் எத்தனை. மரத்தால் ஆனவையா, செங்கல்லால் ஆனவையா. கூரையின் வடிவம் என்ன. எந்த ஆண்டு கட்டப்பட்டவை. மீண்டும் கட்ட எவ்வளவு செலவாகும் என்பவை அதில் இடம்பெறும். ஃபீமா என்னும் அமெரிக்க அவசரநிலை மேலாண்மை முகமை உருவாக்கிய ‘ஹேசஸ்’ மென்பொருள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்டாரங்களின்படி இப்பட்டியலைத் தன்னகத்தே வைத்துள்ளது. 1997இல் நிலநடுக்கச் சேதத்தைக் கணிப்பதற்காக வெளிவந்த அதில், 2004இல் சூறாவளிக் காற்றுக்கான பகுதியும் சேர்ந்தது. ஹர்ரிவேக் காட்டும் தடத்தை ஹேசஸில் உள்ளிட்டால், கரையேறாத புயலுக்கும் உத்தேசச் சேதம் கிடைக்கும்.

நான்காம் படி, பட்டியலையும் காற்றையும் இணைப்பது. இன்ன வேகக் காற்றில் இன்ன வகைக் கட்டடம் தன் மதிப்பில் எத்தனை விழுக்காட்டை இழக்கும் என்பதை ஒரு வளைகோடாக வரைந்து வைப்பர். முந்தைய புயல்களுக்குப்பின் செய்த நேராய்வுகளும், காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கிய இழப்பீட்டுக் கணக்குகளும், பொறியியல் சோதனைகளும் இதற்கு ஆதாரம். விளக்கத்தின் பொருட்டு நாமே ஓர் எண்ணை வைத்துக்கொள்வோம். ஒரு தெருவில் 100 வீடுகள். ஒவ்வொன்றின் மதிப்பும் 2 இலட்சம் டாலர். வரும் காற்றில் அவ்வகை வீடு சராசரியாகப் பத்து விழுக்காடு சேதமுறும் என்று வளைகோடு சொன்னால், தெருவின் இழப்பு 20 இலட்சம் டாலர். இவ்வாறு தெருத்தெருவாகக் கூட்டினால் மாவட்டக் கணக்கு வரும்.

தடம் உறுதியில்லாதபோது ஒரே ஒரு விடை சொல்வது முறையாகாது. ஆகவே மையம் சற்று வடக்கே சென்றால் என்ன, தெற்கே சென்றால் என்ன, காற்று வலுத்தால் என்ன என்று பல தடங்களை ஓட்டிப் பார்த்து, ‘இதற்கும் இதற்கும் இடையில்’ என்று சொல்வதே நேர்மையான கணிப்பு.

ஆண்ட்ரூ கற்பித்த பாடம்

இம்முறைக்கு உலகின் கவனத்தைத் திருப்பியது 1992 ஆகஸ்ட் 24 விடியற்காலையில் ஃபுளோரிடாவின் தென்பகுதியைத் தாக்கிய ‘ஆண்ட்ரூ’. ஹோம்ஸ்டெட் நகரை ஒட்டிக் கரையேறிய அப்புயலை முதலில் நான்காம் வகுப்பு என்றே பதிந்தனர். 2002இல் மறு ஆய்வு செய்து, உச்சக் காற்று மணிக்கு 265 கிலோமீட்டர் என மதிப்பிட்டு ஐந்தாம் வகுப்புக்கு உயர்த்தினர். கோரல் கேபிள்ஸ் நகரில் அப்போது இருந்த சூறாவளி மையக் கட்டடத்தின் ராடாரையே அக்காற்று பெயர்த்தெறிந்தது.

அதுவரை காப்பீட்டு நிறுவனங்கள் கடந்த சில பத்தாண்டுகளின் இழப்புகளைச் சராசரி எடுத்தே கட்டணம் வகுத்தன. அப்பத்தாண்டுகளில் பெரும்புயல்கள் குறைவு. கடற்கரையிலோ வீடுகள் பன்மடங்கு பெருகியிருந்தன. நேற்றைய புயலை நேற்றைய ஊரோடு சேர்த்துப் பார்த்தவர்கள், அதே புயல் இன்றைய ஊருக்கு வந்தால் என்னாகும் என்று கேட்கத் தவறினர். அவ்வினாவைக் கேட்டவர் கேரன் கிளார்க் என்னும் பெண்மணி. 1987இல் ஒரு நிறுவனம் தொடங்கிக் கணிப்பொறியில் சேதக் கணக்கிடும் முறையை உருவாக்கியிருந்தார். ஆண்ட்ரூ கரையேறிய சில மணி நேரத்தில், காப்பீட்டு இழப்பு 1,300 கோடி டாலரைத் தாண்டக்கூடும் என்று தம் வாடிக்கையாளர்களுக்குத் தொலைநகல் அனுப்பினார். துறையினர் பலர் அதை நம்பவில்லை. இறுதியில் இழப்பு 1,550 கோடி டாலர் அளவை எட்டியது. பதினொரு காப்பீட்டு நிறுவனங்கள் நொடித்துப்போயின. அதன்பின் இத்தகைய மென்பொருளின்றி எந்தப் பெரிய காப்பீட்டு நிறுவனமும் இயங்க முடியாத நிலை உண்டாயிற்று.

ஆண்ட்ரூ சில பத்துக் கிலோமீட்டர் வடக்கே, மயாமி நகரின் நடுவே கரையேறியிருந்தால் இழப்பு பன்மடங்காகியிருக்கும் என்பதும் அக்கணக்குகளால்தான் தெரிந்தது. இருப்பினும் அப்புயலின் ஆழ்ந்த பாடம் வேறு. 25,000க்கும் மேற்பட்ட வீடுகள் முற்றாக அழிந்தன. ஆய்வாளர்கள் இடிபாடுகளைப் பார்த்தபோது, கூரைப் பலகைகள் பல இடங்களில் சட்டத்தோடு ஒழுங்காக ஆணியடிக்கப்படாமல் இருந்ததைக் கண்டனர். கட்டட விதி ஏட்டில் இருந்தது, கூரையில் இல்லை. ஹோம்ஸ்டெட்டில், இழுத்துச் செல்லத்தக்க இலேசான வீடுகள் ஏறத்தாழ அனைத்தும் சிதைந்தன. எளியோர் வாழ்ந்தவை அவை.

இங்கேதான் இம்மென்பொருளின் உண்மைப் பயன் விளங்குகின்றது. காற்றின் வேகத்தை நாம் மாற்ற முடியாது. ஆனால் வளைகோட்டை மாற்ற முடியும். ஆணி நெருக்கமாக அடிக்கப்பட்டால், சாளரத்துக்குக் காப்புக் கதவு இருந்தால், கூரையைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைத்தால் அதே காற்றில் இழப்பு குறையும். ஃபுளோரிடா மாநிலம் முழுவதற்குமான புதிய கட்டட விதி 2002இல் நடைமுறைக்கு வந்தது. 2004இல் சார்லி தாக்கியபோது, புதிய விதிகளின்படி கட்டிய வீடுகள் பழையவற்றைவிட நன்கு தாங்கி நின்றன. சேதம் என்பது காற்று ஒரே நாளில் செய்வதன்று. கட்டுகின்ற கையும் கண்காணிக்கின்ற கண்ணும் பல ஆண்டுகளுக்கு முன்பே பாதி செய்துவிடுகின்றன.

கணக்குத் தவறும் இடங்கள்

மென்பொருள் அறிந்ததை மட்டுமே கணக்கிடும். 2005 ஆகஸ்ட் 29 அன்று ‘கத்ரீனா’ மூன்றாம் வகுப்புப் புயலாகக் கரையேறியது. காற்றைமட்டும் பார்த்தால் ஆண்ட்ரூவினும் அது குறைவானது. ஆனால் மிசிசிப்பிக் கரையில் கடல்நீர் 8 மீட்டருக்கும் மேல் எழுந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரைக் காத்த வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்து நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. கரை உடையும் என்பது அன்றைய சேத மென்பொருள்களின் கணக்கில் இல்லை. முதற்கணிப்புகளைப் பின்னர் பெரிதும் உயர்த்த வேண்டியதாயிற்று. மொத்த இழப்பு 12,500 கோடி டாலர்.

2017இல் ‘ஹார்வி’ டெக்சாஸில் கரையேறி அங்கேயே தேங்கி நின்றது. ஓரிடத்தில் 1,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. இழப்பு மீண்டும் 12,500 கோடி டாலர் அளவு. அதில் பெரும்பகுதி காற்றால் அன்று, வெள்ளத்தால். 2023 அக்டோபரில் மெக்சிகோவின் அகபுல்கோவைத் தாக்கிய ‘ஓட்டிஸ்’ ஒரே நாளுக்குள் சாதாரணப் புயல் நிலையிலிருந்து ஐந்தாம் வகுப்புக்கு வலுத்தது. எந்த முன்கணிப்பும் அதை எதிர்பார்க்கவில்லை. புயலின் தடத்தைக் கணிக்கும் பிழை 1990ஐ ஒப்பிடப் பாதிக்கும் கீழாகக் குறைந்துள்ளது உண்மையே. ஆயினும் திடீரென வலுப்பெறுதல், கடலெழுச்சி, மழை ஆகியவை இன்னும் கணிப்பாளரைச் சோதிக்கின்றன.

டாலரில் அடங்காத இழப்பு

இவையெல்லாம் எண் தவறிய இடங்கள். எண் சரியாக இருந்தும் உண்மை தவறும் இடம் ஒன்றுண்டு.

1998 அக்டோபர் இறுதியில் ‘மிட்ச்’ புயல் வலுக்குன்றி முதல் வகுப்புப் புயலாக ஹோண்டுராஸில் கரையேறி, மெல்ல நகர்ந்து, நாட்கணக்கில் மழை பொழிந்தது. நிகராகுவாவில் கசீட்டா எரிமலையின் சரிவு மண்ணாறாகப் பெருகி ஊர்களைப் புதைத்தது. நடு அமெரிக்காவில் 11,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பொருளிழப்போ ஏறத்தாழ 600 கோடி டாலர். ஆண்ட்ரூவில் மாண்டவர் 65 பேர்; பொருளிழப்பு ஏறத்தாழ 2,700 கோடி டாலர். டாலரால் அளந்தால் ஆண்ட்ரூவே மிட்சைவிட நான்கு மடங்கு பெரிய பேரிடர்! ஏழையின் குடிசைக்குப் பட்டியலில் மதிப்புக் குறைவு. ஆகவே அது அழிந்தாலும் கூட்டுத்தொகை பெரிதாக ஏறுவதில்லை. கூட்டல் பிழையன்று, அளவுகோலின் குறை. இழந்தவனுக்கோ அதுவே முழுச் சொத்து.

இது வெறும் தத்துவ விசாரம் அன்று. 2007இல் கரீபியன் நாடுகள் கூடி ஒரு பேரிடர்க் காப்பீட்டு நிதியத்தை அமைத்தன. புயல் தாக்கியபின் வீடு வீடாகச் சென்று சேதம் பார்ப்பதற்குக் காத்திராமல், புயலின் தடத்தையும் காற்றையும் கொண்டு மென்பொருள் கணக்கிடும் இழப்பின் அடிப்படையிலேயே அந்நிதியம் 14 நாட்களுக்குள் அரசுகளுக்குத் தொகை வழங்குகின்றது. இடிபாடுகளுக்கிடையே நிற்கும் ஒரு சிறு தீவுக்கு அவ்விரைவு பெரும் உதவி. அதே வேளையில், கணக்கிடப்பட்ட இழப்பு ஒப்பந்த எல்லையை எட்டாவிட்டால், கண்ணெதிரே ஊர் அழிந்து கிடந்தாலும் தொகை வராது. எனவே பட்டியலில் ஒரு குடியிருப்பு விடுபட்டிருந்தால் அது புள்ளிவிவரப் பிழையோடு முடிவதில்லை. அங்கு வாழ்பவருக்கு வரவேண்டிய உதவியும் விடுபடுகின்றது.

முடிவாக

புயலின் தடத்தைக் கொண்டு சேதத்தைக் கணிக்கும் மென்பொருள் மாந்தர் அறிவின் அரிய சாதனை. மக்களை எப்போது வெளியேற்றுவது, மீட்புப் படையை எங்கே நிறுத்துவது, எவ்வளவு நிதி திரட்டுவது என்னும் வினாக்களுக்கு அது காலத்தே விடை தருகின்றது. ஆயினும் அதன் விடையைப் படிப்போர் மூன்று வினாக்களை உடன் கேட்டாக வேண்டும். இக்கணக்கு எந்தத் தடத்தை நம்பியது? காற்றைமட்டும் கண்டதா, நீரையும் கண்டதா? யாருடைய வீடு இதன் பட்டியலில் இருக்கின்றது, யாருடையது இல்லை?

முதலிரண்டு வினாக்களுக்கு வானிலை அறிஞரும் பொறியாளரும் நாளுக்கு நாள் நல்ல விடை தந்துவருகின்றனர். மூன்றாம் வினாவுக்கு விடை செயற்கைக்கோளிலிருந்து வராது. புயலில்லாத நாட்களில் தெருத்தெருவாக நடந்து, எந்தக் கூரை எப்படி நிற்கின்றது என்று பார்த்து எழுதுபவர்களிடமிருந்தே அது வரவேண்டும். அவ்வாறு எழுதப்பட்ட ஒவ்வொரு வரியும், ஆணியடித்து உறுதி செய்யப்பட்ட ஒவ்வொரு கூரையும், அடுத்த புயலின் சேதக் கணக்கை அப்புயல் பிறப்பதற்கு முன்பே குறைத்துவிடுகின்றது.